மொஹிட்டோ முதல் பினா கொலாடா வரை: ரம் காக்டெய்ல்கள் சொல்லும் கதையும், சொல்லாத கதையும்

ரம், கோலா, ஒரு துண்டு எலுமிச்சை. இந்த மூன்றையும் கலந்தால் உலகம் முழுக்க பார்களில் அதற்குப் பெயர் 'கியூபா லிப்ரே'. ஸ்பானிஷ் மொழியில் 'சுதந்திர கியூபா' என்று அர்த்தம். ஆனால் கியூபாவை விட்டு வெளியேறி வேறு நாடுகளில் வாழும் பலர் இதே பானத்தை 'மென்டிரிட்டா' என்று கிண்டலாகச் சொல்வார்கள். அதாவது, 'குட்டிப் பொய்'.

கரீபியன் தீவுகளில் பிறந்த காக்டெய்ல் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. கடற்கொள்ளையர், ராணுவ கேப்டன், நோபல் எழுத்தாளர், ஸ்டார் ஹோட்டல் பார்டெண்டர் என யாராவது ஒரு ஹீரோ இருப்பார். கேட்க ஜாலியாகத்தான் இருக்கும். ஆனா, ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பாதிக் கதைகள் தேறாது. இன்னொரு விஷயம்: அந்த ரம்முக்கான கரும்பை வெட்டியவர்கள் எந்தக் கதையிலும் வருவதில்லை. புதுச்சேரி, காரைக்காலில் இருந்து கப்பலேறிய தமிழர்களும் அவர்களில் உண்டு.

பிரபலமான காக்டெய்ல்கள் எப்படிப் பிறந்தன? அவற்றின் கதைகளில் எது உண்மை, எது விளம்பரம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ரம் எப்படி வந்தது?

கரும்பு கரீபியனின் சொந்தப் பயிர் இல்லை. 1493-ல் தன் இரண்டாவது பயணத்தின்போது கொலம்பஸ்தான் அதைக் கொண்டுபோனார். அது பெரிய தொழிலாக மாறியது 1640களில், பார்படோஸ் தீவில். ஆங்கிலேயர்கள் 1627-ல் குடியேறிய இந்தக் குட்டித் தீவு, சில பத்தாண்டுகளில் முழுக்கக் கரும்புத் தோட்டமாகவே ஆகிவிட்டது.

கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு, கறுப்பாக, கெட்டியாக ஒரு பாகு மிஞ்சும். நம் ஊர் சர்க்கரை ஆலைகளில் மொலாசஸ் அல்லது கழிவுப்பாகு என்கிறார்களே, அதேதான். தண்ணீர் சேர்த்து வைத்தால் அந்த வெப்பத்தில் தானாகவே புளிக்கும். புளித்ததைக் காய்ச்சி வடித்தால் ரம். வேண்டாத கழிவில் இருந்து பணம்! தோட்ட முதலாளிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆரம்பத்தில் இந்தச் சரக்குக்கு 'பிசாசையே கொல்வது' என்ற அர்த்தத்தில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. இன்னொரு பெயர் 'ரம்புல்லியன்'. கூச்சல், கலாட்டா என்ற பொருள் தரும் அந்தச் சொல் சுருங்கித்தான் 'ரம்' ஆனது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பார்படோஸின் மவுண்ட் கே நிறுவனம், 1703-ம் ஆண்டு தேதியிட்ட சொத்துப் பத்திரத்தை வைத்துத் தன் வயதைச் சொல்கிறது.

இதில் வேலை செய்தது யார்? ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். சுமார் மூன்றரை நூற்றாண்டுகளில் 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் கப்பல்களில் ஏற்றப்பட்டதாக வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதில் சுமார் 18 லட்சம் பேர் வழியிலேயே இறந்துபோனார்கள். உயிரோடு கரை சேர்ந்தவர்களில் 40 லட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கப்பட்டது கரீபியன் தீவுகளில். இன்றைய அமெரிக்கா இருக்கும் பகுதிக்குப் போனவர்கள் சுமார் 4 லட்சம் பேர்தான்.

வெட்டிய கரும்பை உடனே பிழியாவிட்டால் சாறு கெட்டுவிடும். அதனால் அறுவடைக் காலத்தில் ஆலைகள் இரவு பகலாக ஓடின. தூக்கக் கலக்கத்தில் கரும்பைச் செலுத்தும்போது கை உருளைக்குள் சிக்கினால், ஆளை மீட்க அந்தக் கையையே வெட்டுவதற்காகப் பக்கத்தில் கோடரி தயாராக வைக்கப்பட்டிருந்ததை அந்தக் காலக் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன.

இதில் இன்னும் கொடூரமான ஒரு சுழற்சியும் இருந்தது. கரீபியன் மொலாசஸ் வட அமெரிக்காவின் நியூபோர்ட் போன்ற துறைமுகங்களுக்குப் போகும். அங்கே ரம் ஆகும். அந்த ரம் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும். அங்கே அதைக் கொடுத்து மனிதர்களை வாங்குவார்கள். அவர்கள் மறுபடியும் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பப்படுவார்கள்.

கிராக்: கப்பலில் பிறந்த 'ஃபார்முலா'

1655-ல் ஜமைக்காவை ஸ்பெயினிடம் இருந்து இங்கிலாந்து கைப்பற்றியது. கப்பலில் பீர் சீக்கிரம் கெட்டுப்போகும், ரம் கெடாது. அதனால் மெல்ல மெல்ல ரம் பிரிட்டிஷ் கடற்படையின் தினசரிப் படி ஆனது. ஒரு மாலுமிக்கு ஒரு நாளைக்கு அரை பைண்ட், அதாவது சுமார் கால் லிட்டர். அதுவும் தண்ணீர் கலக்காமல்.

விளைவு என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கப்பலில் ஒழுங்கு குலைந்தது. 1740 ஆகஸ்ட்டில் அட்மிரல் எட்வர்ட் வெர்னான் ஓர் உத்தரவு போட்டார். ஒரு பங்கு ரம்முக்கு நான்கு பங்கு தண்ணீர் கலக்க வேண்டும், அதையும் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தங்கள் உணவுப் பங்கில் மிச்சம் பிடிக்கும் மாலுமிகள் எலுமிச்சையும் சர்க்கரையும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற சலுகையும் அதில் இருந்தது.

வெர்னான் எப்போதும் 'குரோக்ரம்' என்ற முரட்டுத் துணியில் தைத்த கோட் போடுவார். அதனால் மாலுமிகள் அவருக்கு வைத்த பெயர் 'ஓல்டு கிராக்'. தண்ணீர் கலந்த ரம்முக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. தூக்கக் கலக்கத்தில் தள்ளாடுபவரை ஆங்கிலத்தில் 'கிராகி' என்கிறோமே, அந்தச் சொல்லின் வேர் இதுதான். இந்த ரம் படி நிறுத்தப்பட்டது எப்போது தெரியுமா? 1970 ஜூலை 31. அதாவது மனிதன் நிலவில் கால் வைத்து ஒரு வருடம் ஆன பிறகு!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ரம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர். இந்த நான்கும் 1740-லேயே ஒன்றுசேர்ந்துவிட்டன. அடுத்து வரும் கதைகளுக்கு இது முக்கியம்.

டைகிரி: 'கண்டுபிடித்தவர்' யார்?

டைகிரி என்பது கிழக்கு கியூபாவில் சாண்டியாகோ நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கடற்கரையின் பெயர். அங்கே அமெரிக்க நிறுவனங்களின் இரும்புச் சுரங்கங்கள் இருந்தன. 1898 ஜூன் 22-ம் தேதி, ஸ்பெயினுக்கு எதிரான போரில் அமெரிக்கப் படை தரையிறங்கியதும் இதே இடத்தில்தான்.

சுரங்கத்தில் வேலை பார்த்த அமெரிக்கப் பொறியாளர் ஜென்னிங்ஸ் காக்ஸ் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தபோது ஜின் தீர்ந்துபோனதாம். கையில் இருந்த உள்ளூர் ரம், எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ் எல்லாவற்றையும் கலந்து கொடுத்தாராம். அப்படிப் பிறந்ததுதான் டைகிரி என்பது பிரபலமான கதை.

காக்ஸ் நிஜ மனிதர்தான். அந்தப் பானத்துக்குப் பெயர் கிடைத்ததில் அவருக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் கலவை புதிதா? ரம்மும் எலுமிச்சையும் சர்க்கரையும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே மாலுமிகளின் கோப்பையில் இருந்தன. ஸ்பெயினுக்கு எதிராகப் போராடிய கியூபக் கெரில்லா வீரர்கள் கரும்புச் சாராயம், தேன், எலுமிச்சை கலந்து 'கான்சான்சரா' என்ற பானத்தைக் குடித்ததாகவும் கியூபாவில் சொல்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் குடித்தவரை அது சாதாரணச் சாராயம். அமெரிக்கர் வீட்டு விருந்துக்கு வந்ததும் அது காக்டெய்ல்!

பின்னர் அதை உலகப் புகழ் ஆக்கியவர் ஹவானாவின் 'எல் ஃபுளோரிடிட்டா' பாரை நடத்திய கான்ஸ்டன்டே ரிபாலைகுவா. ஸ்பெயினின் கேட்டலோனியாவில் இருந்து வந்தவர். ஐஸை மாவாக அரைத்து டைகிரியைப் பனிக்கூழ் போல ஆக்கினார். அந்த பாரின் வாடிக்கையாளர்களில் ஒருவர் எர்னஸ்ட் ஹெமிங்வே. சர்க்கரை வேண்டாம், ரம் டபுள் என்பது அவருடைய ஸ்டைல். இன்றும் அந்த பாரின் கவுண்டரில் சாய்ந்தபடி அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது.

கியூபா லிப்ரே: யாருடைய சுதந்திரம்?

'கியூபா லிப்ரே' முதலில் ஒரு பானத்தின் பெயர் இல்லை. அது ஒரு போராட்ட முழக்கம். ஸ்பெயினிடம் இருந்து விடுதலை கேட்டு கியூபர்கள் 1868-ல் இருந்தே விட்டு விட்டுப் போராடி வந்தார்கள். 1895-ல் தொடங்கிய கடைசிப் போரில் கறுப்பின கியூபர்கள் பெருமளவில் பங்கேற்றார்கள். கியூபாவில் அடிமைமுறை முழுதாக ஒழிந்ததே 1886-ல்தான். கரும்புத் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் நாட்டுக்காக ஆயுதம் எடுத்த போர் அது.

1898-ல் அமெரிக்கா போருக்குள் நுழைந்தது. சில மாதங்களில் ஸ்பெயின் தோற்றது. சாண்டியாகோ நகரம் சரணடைந்தபோது கியூபப் படை ஊருக்குள் நுழைய அனுமதிக்கப்படவில்லை. பாரிஸில் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தைக்கும் கியூபர்களை அழைக்கவில்லை. 1899 முதல் 1902 வரை தீவு அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்தது. வெளியேறும்போதும், தேவைப்பட்டால் மறுபடி தலையிடும் உரிமையை கியூபாவின் அரசியல் சாசனத்திலேயே சேர்க்க வைத்துவிட்டுத்தான் போனது. குவாண்டனாமோ கடற்படைத் தளம் இன்றும் அமெரிக்காவிடம்தான் இருக்கிறது.

இந்தப் பின்னணியில் காக்டெய்ல் கதையைப் பாருங்கள். 1900-ல் ஹவானாவில் ஒரு பாருக்கு வந்த அமெரிக்க கேப்டன் ரம்மில் கோகோ கோலா கலந்து, எலுமிச்சை பிழிந்து, 'கியூபா லிப்ரே' என்று சொல்லிக் கோப்பையை உயர்த்தினாராம்.

இதற்கு ஆதாரம்? அப்போது சிறுவனாக அங்கே இருந்ததாகச் சொல்லும் ஃபாஸ்டோ ரோட்ரிகஸ் என்பவரின் பிரமாணப் பத்திரம். அவர் அதில் கையெழுத்திட்டது 1965-ல், அதாவது சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் இருந்து 65 வருடங்கள் கழித்து. அடுத்த வருடமே அது பகார்டி ரம் விளம்பரமாக வெளிவந்தது. ரோட்ரிகஸ், பகார்டி நிறுவனத்தில் வேலை பார்த்தவர்.

பகார்டி 1862-ல் சாண்டியாகோவில் தொடங்கப்பட்ட நிறுவனம். நிறுவனரின் மகன் எமிலியோ பகார்டி கியூப விடுதலையை ஆதரித்ததற்காக நாடு கடத்தப்பட்டவர். ஆனால் 1960-ல் ஃபிடல் காஸ்ட்ரோ அரசு நிறுவனத்தின் கியூபச் சொத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. தாய்நாட்டை இழந்த ஒரு கம்பெனி, 'சுதந்திர கியூபா'வின் பிறப்புக் கதையை அமெரிக்க வாசகர்களிடம் சொன்னது இந்தச் சூழலில்தான். காஸ்ட்ரோவின் கியூபா சுதந்திர நாடே இல்லை என்று நினைத்தவர்களுக்கு அந்தப் பெயரே 'குட்டிப் பொய்' ஆகிப்போனது.

இன்று ஹவானாவில் கியூபா லிப்ரே கேட்டால், பகார்டி வராது. ஹவானா கிளப் ரம்மும், 'டூகோலா' என்ற உள்ளூர் கோலாவும்தான் கிடைக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்கத் தடை இன்னும் நீடிக்கிறது.

மொஹிட்டோ: கொள்ளைக்காரர் வைத்தியமா?

நம் ஊர் கஃபேக்களில் 'விர்ஜின் மொஹிட்டோ'வாக எல்லோருக்கும் பழக்கமான பானம். ரம், புதினா, எலுமிச்சை, சர்க்கரை, சோடா. 1586-ல் ஆங்கிலேயக் கடலோடி பிரான்சிஸ் டிரேக் கியூபா பக்கம் வந்தபோது, நோய்வாய்ப்பட்ட மாலுமிகளுக்குக் கரும்புச் சாராயத்தில் புதினாவும் எலுமிச்சையும் கலந்து கொடுத்ததுதான் இதன் தொடக்கம் என்பார்கள்.

19-ம் நூற்றாண்டு கியூபாவில் 'டிராகே' என்ற பெயரில் இப்படி ஒரு பானம் இருந்தது உண்மை. ஆனால் அதற்கும் 1586-க்கும் நடுவே பாலம் போட நம்பகமான ஆவணம் எதுவும் இல்லை. கரீபியனில் கரும்புச் சாராயம் பரவலாக வடிக்கப்பட்டதற்கான சான்றுகளும் 17-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவைதான். கதையின் ஹீரோவைப் பற்றி மெனு கார்டு சொல்லாத ஒன்றும் இருக்கிறது. டிரேக் இளம் வயதில் உறவினர் ஜான் ஹாக்கின்ஸுடன் அடிமை வியாபாரப் பயணங்களில் பங்கேற்றவர்.

மொஹிட்டோவை உலகத்துக்குக் கொண்டுபோனது ஓர் அமெரிக்கச் சட்டம். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. புளோரிடாவின் முனையில் இருந்து சுமார் 170 கிலோமீட்டரில் ஹவானா. தாகத்தோடு வந்த அமெரிக்கர்களுக்காக பார்கள் பெருகின. 1930களில் ஹவானாவின் 'ஸ்லாப்பி ஜோஸ்' பார் வெளியிட்ட கையேடுகளில் மொஹிட்டோ இடம்பிடித்தது.

ஹவானாவின் இன்னொரு பிரபல பாரான 'லா போடெகிட்டா'வின் சுவரில், மொஹிட்டோவைப் புகழ்ந்து ஹெமிங்வே கைப்பட எழுதியதாக ஒரு குறிப்பு தொங்குகிறது. சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். அது அவர் எழுதியதுதானா என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள்.

பினா கொலாடா: டப்பாவில் அடைத்த தேங்காய்

'வடிகட்டிய அன்னாசி' என்பது பெயரின் அர்த்தம். ஊர், போர்ட்டோ ரிக்கோவின் சான் யுவான். இதற்கு உரிமை கோருபவர்கள் பலர். 1954-ல் கரீபே ஹில்டன் ஹோட்டலில் ரமோன் மாரெரோ உருவாக்கினார் என்கிறது அந்த ஹோட்டல். இல்லை, 1963-ல் இங்கேதான் ரமோன் போர்டாஸ் மிங்கோட் உருவாக்கினார் என்று கல்வெட்டே வைத்திருக்கிறது 'பாராசினா' உணவகம். 1825-ல் மரண தண்டனை பெற்ற கொள்ளையர் ரொபெர்டோ கோஃப்ரெசியின் ரெசிபி என்பது மூன்றாவது கதை.

உண்மையான திருப்புமுனை பார் கவுண்டரில் நடக்கவில்லை. தேங்காயைத் துருவிப் பால் பிழிவது எவ்வளவு வேலை என்று நம் வீட்டுச் சமையலறைக்குத் தெரியும். போர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரமோன் லோபஸ் இரிசாரி, தேங்காய் கிரீமைப் பதப்படுத்தும் முறையை உருவாக்கி, 'கோகோ லோபஸ்' என்ற பெயரில் டப்பாவில் விற்றார். அது வந்த பிறகு எந்த பார்டெண்டரும் ஒரு நிமிடத்தில் பினா கொலாடா போட முடிந்தது. 1978-ல் போர்ட்டோ ரிக்கோ அரசு இதை அதிகாரப்பூர்வ பானமாக அறிவித்தது.

1898 போருக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் கைக்குப் போனது. இன்றும் அது அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. அங்கே வாழ்பவர்கள் அமெரிக்கக் குடிமக்கள், ஆனால் அதிபர் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. அமெரிக்காவில் விற்கும் ரம்மின் மத்திய கலால் வரியில் பெரும்பகுதி இந்தத் தீவின் அரசுக்குத் திரும்பி வருகிறது. ரம் அங்கே கொண்டாட்டம் மட்டும் அல்ல, பட்ஜெட்டின் ஒரு வரவு.

டி பன்ச்: இங்கேதான் தமிழர்கள் வருகிறார்கள்

பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட மார்டினிக், குவாடலூப் தீவுகளின் பானம் இது. 'குட்டி பன்ச்' என்று பொருள். ரம், கொஞ்சம் கரும்புப் பாகு, ஒரு கீற்று எலுமிச்சை. அவ்வளவுதான். பாட்டிலை மேசையில் வைத்துவிடுவார்கள், அவரவர் அளவை அவரவரே கலந்துகொள்ள வேண்டும்.

'பன்ச்' என்ற சொல் இந்தியாவில் இருந்து போனது என்ற கருத்து உண்டு. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என ஐந்து பொருட்கள். ஐந்துக்கு இந்தியில் 'பாஞ்ச்'. எல்லோரும் இதை ஏற்பதில்லை. ஆனால் அந்தச் சொல்லின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று, 1632-ல் கிழக்கிந்திய கம்பெனி ஊழியர் எழுதிய கடிதத்தில் இருக்கிறது.

சொல் போனதோ இல்லையோ, மனிதர்கள் போனார்கள். 1848-ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களில் பலர் பழைய தோட்டங்களில் வேலை செய்ய விரும்பவில்லை. முதலாளிகள் தேடிய மாற்று ஆட்கள், இந்திய ஒப்பந்தக் கூலிகள். 1853-ல் 'ஒரேலி' என்ற கப்பல் மார்டினிக் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் குவாடலூப் போனது. 1880களின் இறுதிவரை மார்டினிக் தீவுக்குச் சுமார் 25,000 பேர், குவாடலூப் தீவுக்குச் சுமார் 42,000 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஐந்து வருட ஒப்பந்தம். பலர் நோயிலும் வேலையிலும் மடிந்தார்கள். ஊர் திரும்பியவர்கள் குறைவு.

அவர்கள் வெட்டிய கரும்புதான் இன்று உலகம் கொண்டாடும் 'ரம் அக்ரிகோல்' வகையின் அடித்தளம். ஐரோப்பாவில் பீட்ரூட் இனத்தில் இருந்து சர்க்கரை எடுக்கத் தொடங்கியதால், 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரும்புச் சர்க்கரை விலை சரிந்தது. நஷ்டத்தில் இருந்த தோட்டங்கள், மொலாசஸுக்குப் பதிலாகக் கரும்புச்சாற்றில் இருந்தே நேரடியாக ரம் வடிக்க ஆரம்பித்தன. 1996-ல் மார்டினிக் ரம்முக்குப் பிரெஞ்சு ஒயின்களுக்கு இணையான புவிசார் அங்கீகாரம் கிடைத்தது.

தமிழ் மொழி அங்கே பேச்சுவழக்கில் இருந்து மறைந்துவிட்டது. ஆனால் குவாடலூப்பின் ஷாங்ஜியில் கோயில் இருக்கிறது. மாரியம்மன் 'மாரியேமேன்' ஆகவும், மதுரைவீரன் 'மால்டேவிலன்' ஆகவும் வழிபடப்படுகிறார்கள். 'கொலம்போ' என்ற மசாலாக் குழம்பு அந்தத் தீவுகளின் விருந்துச் சாப்பாடு. குடும்பப் பெயர்களிலும் தமிழ் ஒலிக்கிறது.

அப்படிப் பெயர் கொண்ட ஒருவர்தான் ஆன்ரி சிதம்பரம். குவாடலூப்பில் ஒப்பந்தக் கூலிகளின் வழியில் வந்தவர். அந்த மண்ணிலேயே பிறந்தும் இந்திய வம்சாவளியினரைப் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்க அரசு மறுத்தது. 1904-ல் அவர் தொடங்கிய சட்டப் போராட்டம் முடிய சுமார் 20 ஆண்டுகள் ஆயின. 1923-ல் வாக்குரிமை கிடைத்தது.

சரி, இதெல்லாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

பட்டியலை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கிராக், டைகிரி, மொஹிட்டோ, டி பன்ச். நான்கிலும் அடிப்படை ஒன்றேதான்: கரும்புச் சாராயம், இனிப்பு, எலுமிச்சை. இதை ஒரே ஆள் 'கண்டுபிடித்தார்' என்று சொல்ல முடியாது. கரும்பும் எலுமிச்சையும் விளைந்த தீவுகளில், கிடைத்ததை வைத்து பெயர் தெரியாத ஏராளமானோர் கலந்து குடித்தது அது. பெயரும் பிராண்டும் ஹீரோவும் பின்னால் வந்து சேர்ந்தவை. ஹோட்டலுக்குக் கல்வெட்டு தேவைப்பட்டது, கம்பெனிக்கு விளம்பரம் தேவைப்பட்டது, சுற்றுலாவுக்கு ஹெமிங்வே தேவைப்பட்டார்.

பொய் என்று தெரிந்த பிறகும் கதையை ரசிக்கலாம், தப்பில்லை. ஆனால் டிரேக்கின் பெயரும் காக்ஸின் பெயரும் நினைவிருக்கும் இடத்தில், சிதம்பரத்தின் பெயருக்கும் ஓர் இடம் கொடுக்கலாம்.

(மது உடல்நலத்துக்குத் தீங்கானது. பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெரிவித்துள்ளது. இந்தக் கட்டுரை வரலாற்றுத் தகவலுக்காக மட்டுமே.)